அமுங்காத ரப்பரால் பயனில்லை

ஸ்டாண்டில் நிற்கும் பழைய பேருந்தில் ஏறி உட்கார்ந்திருப்பீர்கள். வண்டி இன்னும் கிளம்பவில்லை, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அடித்துக்கொள்கிறது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த கை கூசுகிறது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கிறார். எஞ்சின் சத்தம் ஏறுகிறது, கண்ணாடியோ அடங்கிவிடுகிறது. மெதுவாக ஓடியபோது அவ்வளவு ஆட்டம். வேகமாக ஓடினால் ஆட்டமே இல்லை. ஒரு டீ குடிக்கும் நேரம் பொறுமையாக உட்கார்ந்து இதை யோசித்தால், வண்டிக்குள்ளும் இயந்திரத்துக்கு அடியிலும் ரப்பர் என்ன செய்கிறது என்பது விளங்கிவிடும்.

பக்கத்து அடுக்ககத்தின் சங்கச் செயலாளர் ஒரு மாலை டீக்கு வந்தபோது கேட்ட கேள்வியும் இந்த வகைதான். “சார், ஜெனரேட்டருக்கு அடியில நல்ல கெட்டியான ரப்பர் ஷீட்டாப் பார்த்து வாங்கிப் போட்டோம். கரன்ட் போனா முதல் மாடி பெட்ரூம்ல முன்னைவிட அதிகமா அதிருதுங்கிறாங்க. ரப்பர் போட்டா குறையத்தானே வேணும்?” அவரிடம் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

சத்தம் நம்மிடம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று காற்று. அதை மூடியும் அடைத்தும் தடுக்கலாம். ஜெனரேட்டரைச் சுற்றியிருக்கும் பெட்டி அதற்காகத்தான். 1000 கேவிஏ வரையிலான டீசல் ஜெனரேட்டர் என்றால், பெட்டியிலிருந்து 1 மீட்டர் தள்ளி அளக்கும்போது சத்தம் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. கார்க் கதவைச் சுற்றி ஓடும் பீடிங் ரப்பரும் இந்தக் காற்று வழியைத்தான் அடைக்கிறது.

இரண்டாவது வழி, கட்டடமும் இரும்பும். இயந்திரத்தின் அதிர்வு தரைக்கு இறங்கி, தூணில் ஏறி, சுவருக்குப் போகிறது. சுவர் அகலமானது, அது தலைமுடி அளவுகூட அசைய வேண்டியதில்லை, அறைக் காற்று முழுவதையும் தள்ளிவிடும். அதனால் சத்தம் உங்கள் படுக்கையறைச் சுவரிலேயே பிறக்கிறது. ஜெனரேட்டருக்கு எத்தனை பெட்டி போட்டாலும் இது குறையாது. ஜன்னலைச் சாத்திய பிறகும் அந்த முனகல் அப்படியே இருந்தால், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையில் துடிப்பு தெரிந்தால் அது இந்த இரண்டாவது வழியில் வந்த சத்தம். இந்த வழியை இடையில் அறுப்பதுதான் ரப்பர் கால்களின் வேலை.

எப்படி அறுக்கிறது? ரப்பர் அதிர்வை உறிஞ்சிக் குடித்துவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கொஞ்சம் குடிக்கிறது, உண்மைதான். திரும்பத் திரும்ப அமுங்கி எழும் ரப்பர் லேசாகச் சூடாவது அதனால்தான். ஆனால் முக்கியமான வேலை அங்கே நடக்கவில்லை.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று ஒரு சொந்தக் கதி உண்டு. அந்தக் கதிக்கு இசைவாகத் தள்ளினால், சிறு கை போதும், ஊஞ்சல் உயரே போகும். அதை விட்டுவிட்டு, கையை முன்னும் பின்னும் படபடவென்று அடித்தால் எவ்வளவு பலமாக அடித்தாலும் ஊஞ்சல் நின்ற இடத்திலேயே நிற்கும். ரப்பர் மேல் உட்கார்ந்த இயந்திரத்துக்கும் இப்படி ஒரு சொந்தத் துடிப்பு இருக்கிறது. பாடப் புத்தகத்தில் இயல் அதிர்வெண் என்று படித்திருப்பீர்கள். இயந்திரம் ஓடும் வேகம் அந்தத் துடிப்போடு ஒத்துப்போனால் ஆட்டம் பல மடங்காகும். ஓடும் வேகம் அதைவிட வெகுவாக மேலே போய்விட்டால், ரப்பருக்கு அந்தப் பக்கம் இருப்பது அசையவே நேரமிருக்காது. பேருந்துக் கண்ணாடியின் கதை இதுதான். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடினால், ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு வீதம் நொடிக்கு 25 அடி விழுகிறது. தளர்ந்த ஜன்னல் சட்டத்தின் சொந்தத் துடிப்பும் அந்தப் பக்கமாக இருந்தால் கண்ணாடி ஆடும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் அந்த இடத்தைத் தாண்டிவிடுகிறது.

இப்போது ஜெனரேட்டருக்கு வருவோம். கணக்கு சின்னதுதான். இயந்திரத்தை ரப்பர் மேல் இறக்கியதும் அது எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் சொந்தத் துடிப்பு ஹெர்ட்ஸில் கிடைத்துவிடும். 1 மி.மீ. அமுங்கினால் ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ். 4 மி.மீ. அமுங்கினால் 8 ஹெர்ட்ஸ்.

நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் ஜெனரேட்டர், நொடிக்கு 25 சுற்று சுற்றுகிறது. செயலாளர் போட்ட கெட்டி ஷீட் அந்த எடைக்கு 0.2 மி.மீ. மட்டும் அமுங்கியது என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் துடிப்பு 35 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். 25-இல் அடிப்பவனுக்கு 35-இல் துடிக்கும் தாங்கி. கணக்குப் போட்டால், தரைக்கு இறங்கும் அதிர்வு ரப்பரே இல்லாதபோது இருந்ததைப் போல இரண்டு மடங்கு! முதல் மாடிக்காரர்கள் சொன்னது அத்தனையும் உண்மை. அதே இடத்தில் 4 மி.மீ. அமுங்கும் ரப்பர் கால்களை வைத்தால் சொந்தத் துடிப்பு 8 ஹெர்ட்ஸ். தரைக்குப் போவது ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. இது தாளில் வரும் விடை. ரப்பர் அதிரும்போது, சும்மா எடை தாங்கி நிற்கும்போது இருப்பதைவிடக் கொஞ்சம் விறைப்பாக நடந்துகொள்ளும். தணிக்கும் குணமும் சேரும். அதனால் கையில் கிடைக்கும் பலன் சற்றுக் குறையும். ஆனாலும் இரண்டு மடங்கு எங்கே, எட்டிலோ ஒன்பதிலோ ஒரு பங்கு எங்கே!

நினைவில் வைக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. ஓடும் வேகம் சொந்தத் துடிப்பைப் போல 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் உதவவே தொடங்கும். அதற்குக் கீழே அது உபத்திரவம். நல்ல பலன் வேண்டுமென்றால் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். கடையில் “கெட்டியா, உறுதியா இருக்கிறதாக் கொடுங்க” என்று கேட்டு வாங்கும் பழக்கம் இங்கேதான் நம்மைக் கவிழ்க்கிறது. எடையைத் தாங்கும் அளவுக்கு உறுதி வேண்டும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு விறைப்பும் அதிர்வுக்குப் போடும் பாலம்.

ரப்பரால் ஆகாத இடமும் இருக்கிறது. நிமிடத்துக்கு 150 தடவை அடிக்கும் நாடாத் தறியை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 2.5 அடிதான். இந்த மெதுவான ஆட்டத்தை அறுக்க வேண்டுமானால் தறி கால் மீட்டருக்கு மேல் அமுங்கி உட்கார வேண்டும். எந்த ரப்பரும் அதைத் தராது. தந்தாலும் அதன் மேல் நெய்ய முடியாது. ஆனால் நாடா போய் மோதும் அந்தச் ‘சடக்’கில் மேல் அதிர்வெண்கள் நிறைய இருக்கின்றன. தறிக் காலுக்குக் கீழ் வைக்கும் ரப்பர் அவற்றைக் குறைக்கும். எது குறையும், எது குறையாது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போட்டால் ஏமாற்றமில்லை. நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும் பெரிய மின்விசிறிகள் நடுவில் வருகின்றன. அவற்றுக்கு 20 மி.மீ.க்கு மேல் அமுக்கம் தேவை, ஆகவே எஃகு ஸ்பிரிங் போடுவார்கள். அந்த ஸ்பிரிங்குக்கு அடியிலும் ஒரு ரப்பர் வட்டு இருக்கும். மேல் அதிர்வெண் ஸ்பிரிங் கம்பி வழியாகவே இறங்கிவிடும் என்பதால் அதை அங்கே தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

அடுத்தது ரப்பரின் ஒரு விசித்திர குணம். பிள்ளைகளின் அழிப்பான் ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவே அழுத்துங்கள். உயரம் குறைகிறது, உடனே பக்கவாட்டில் பிதுங்குகிறது. ரப்பர் வடிவம் மாறுமே தவிர, கொள்ளளவு சுருங்குவதில்லை. பிதுங்க இடம் கொடுக்காமல் நான்கு பக்கமும் இரும்பால் அடைத்துவிட்டால் அமுங்கவே அமுங்காது. அகலமான மெல்லிய ஷீட் கல்லாக நிற்பதற்கும் இதுவே காரணம்: நடுவில் இருக்கும் ரப்பருக்குப் பிதுங்க வழியில்லை. அதே ரப்பரைச் சிறு கட்டிகளாக, உயரமாக, இடைவெளி விட்டு வைத்தால் தாராளமாக அமுங்கும். பள்ளமும் மேடுமாக வரி போட்ட ரப்பர் பட்டைகள் விற்கிறார்களே, அந்தப் பள்ளங்கள் ரப்பர் பிதுங்குவதற்கான இடம். ரயில் தண்டவாளத்துக்கும் கான்கிரீட் ஸ்லீப்பருக்கும் நடுவே நம் ரயில்வே வைக்கும் ரப்பர் தகட்டிலும் அந்த வரிகளைப் பார்க்கலாம்.

மேலிருந்து அமுக்கும்போது விறைப்பாக இருக்கும் அதே ரப்பர், பக்கவாட்டில் நழுவவிடும்போது மெத்தென்று இருக்கும். மெக்கானிக் கடையில் கழற்றிப் போட்ட எஞ்சின் மவுண்ட் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு எஃகுத் தகடு, நடுவில் ரப்பர். தகடுகள் சாய்வாக வைக்கப்பட்டிருக்கும். எஞ்சினின் எடை இறங்கும்போது ரப்பர் பாதி அமுங்கும், பாதி நழுவும். எந்தத் திசையில் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அந்தச் சாய்வை வைத்தே வடிவமைக்கிறார்கள். ரப்பரும் எஃகும் ஆணி, திருகு எதுவும் இல்லாமல் ஒட்டியிருப்பதையும் கவனியுங்கள். எஃகில் பசை பூசி, அச்சுக்குள் வைத்து, ரப்பர் வேகும்போதே ஒட்டவைத்தது அது. மவுண்ட் சாகத் தொடங்குவது பெரும்பாலும் இந்த ஒட்டின் ஓரத்தில்தான்.

கார்களில் இந்த யோசனைக்கு ஒரு வரலாறு உண்டு. ஆரம்ப காலக் கார்களில் எஞ்சினைச் சட்டத்தோடு இறுக்கி முடுக்கினார்கள். நான்கு சிலிண்டர் எஞ்சினின் உதறல் முழுவதும் பயணியின் பற்களுக்கு வந்தது. அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1931-இல் பிளைமவுத் காரில் ‘ஃப்ளோட்டிங் பவர்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எஞ்சினின் முன்பக்கத்தை உயரத்திலும் பின்பக்கத்தைத் தாழ்விலும் ரப்பரில் தாங்கினார்கள். இரண்டையும் இணைக்கும் கற்பனைக் கோடு எஞ்சினின் எடை மையம் வழியாகப் போகும். எஞ்சின் தானாக எந்த அச்சைச் சுற்றி உருள விரும்புகிறதோ, அந்த அச்சிலேயே உருள விட்டுவிட்டார்கள். உருளட்டும், ஆனால் சட்டத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதே ஏற்பாடு. பிரான்சின் சித்ரோயன் உரிமம் பெற்று இதைத் தன் கார்களில் பொருத்தியது. அதன் விளம்பரச் சின்னமாக நீரில் மிதக்கும் அன்னத்தை வைத்தது. ரப்பரின் மென்மை பாதி, அதை எங்கே வைக்கிறோம் என்பது பாதி என்று இந்த ஏற்பாடு காட்டியது.

எஞ்சின் மவுண்டின் பாடு சுலபமானதல்ல. அதிர்வை அறுக்க அது மெத்தென்று இருக்க வேண்டும். பள்ளத்தில் விழும்போதும், கிளட்சைப் படாரென்று விடும்போதும் எஞ்சின் தாவிக் குதிக்காமல் பிடிக்கவும் வேண்டும். எஞ்சினை அணைக்கும்போது கடைசி நொடியில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். வேகம் இறங்கிக்கொண்டே வந்து, மவுண்டின் சொந்தத் துடிப்பைக் கடக்கும் கணம் அது. அந்தக் கணத்துக்குத் தணிக்கும் குணம் அதிகம் வேண்டும். ஓடும்போதோ அது குறைவாக இருந்தால்தான் நல்லது. இந்த இரண்டுக்கும் சமாதானம் செய்யத்தான் சில கார்களில் ரப்பருக்குள் திரவம் அடைத்த மவுண்டுகள் வந்தன. பெரிய ஆட்டத்தில் திரவம் குறுகிய வழியாகப் பாய்ந்து தணிக்கும். சிறு அதிர்வில் ஒதுங்கிக்கொள்ளும்.

இனி, நல்ல ரப்பரையும் வீணாக்கும் இரண்டு தவறுகளைச் சொல்ல வேண்டும். நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் குற்றவாளி இவைதான்.

முதலாவது, போல்ட். ரப்பருக்கு மேலே இயந்திரக் கால், கீழே தரை. இரண்டையும் துளைத்துக்கொண்டு ஒரு எஃகு போல்ட் இறங்கி, நட்டால் இறுக முடுக்கப்பட்டிருக்கும். அதிர்வுக்கு இதைவிட நல்ல வழி கிடைக்குமா? ரப்பரைச் சுற்றிக்கொண்டு போல்ட் வழியாகவே இறங்கிவிடும். முடுக்கிய வேகத்தில் ரப்பரும் நசுங்கிக் கல்லாகியிருக்கும். மேல் தகட்டுக்கு ஒரு போல்ட், கீழ்த் தகட்டுக்கு வேறொரு போல்ட், நடுவில் ரப்பர் மட்டும் என்றுதான் சரியான கால் இருக்கும். ஒற்றை போல்ட்டுதான் போட முடியும் என்றால் தலைக்குக் கீழேயும் ரப்பர் வாஷர், தண்டைச் சுற்றியும் ரப்பர் உறை வேண்டும்.

இரண்டாவது, குழாய். மோட்டார் பம்பு அருமையான ரப்பர் கால்களில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து கிளம்பும் இரும்புக் குழாய் நேராகச் சுவருக்குள் போய்க் கிளாம்பால் இறுக்கப்பட்டிருக்கும். அதிர்வு குழாயில் ஏறி வீடு முழுக்கச் சுற்றும். பம்பை விட்டதும் வளையக்கூடிய ரப்பர் இணைப்பு ஒன்று, சுவர் கிளாம்புகளில் ரப்பர் உறை — இந்த இரண்டும் சேர்ந்தால்தான் காலில் போட்ட காசுக்குப் பலன். ஜெனரேட்டரின் புகைக்குழாய்க்கும் மின் கேபிளுக்கும் இதே விதிதான். புகைக்குழாயில் சூடு அதிகம், அங்கே ரப்பர் தாங்காது, எஃகு மடிப்புக்குழாய் போட வேண்டும். மொட்டை மாடியில் வைக்கும் இயந்திரத்துக்கு இன்னும் கவனம் தேவை. தளமே வளைந்து கொடுக்கும் என்பதால், தரைக்குப் போதுமான அமுக்கம் அங்கே போதாது.

இத்தனை வேலையும் செய்யும் பொருள் எங்கிருந்து வருகிறது? குலசேகரம் பக்கம் போனால் மரத்துக்கு மரம் பால் வடிவதைப் பார்க்கலாம். வடித்த பாலை அமிலம் சேர்த்து உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, புகையில் உலர்த்துகிறார்கள். அந்த நிலையில் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே பாலங்கள் விழுந்து, இழுத்தால் திரும்பிவரும் பொருளாகிறது. சார்லஸ் குட்இயர் இதைக் கண்டது 1839-இல். கரித்தூள் சேர்த்தால் வலுவும் தணிக்கும் குணமும் கூடும், விறைப்பும் கூடும். செயற்கை ரப்பர்கள் எத்தனையோ வந்த பிறகும் எஞ்சின் மவுண்டுக்கு இயற்கை ரப்பரையே விரும்புகிறார்கள். கோடிக்கணக்கான தடவை அமுங்கி எழுந்தாலும் எளிதில் கிழியாது, அதிரும்போது அதிகம் விறைத்துக்கொள்ளாது என்பவை காரணங்கள்.

இயற்கை ரப்பருக்குப் பகை மூன்று: எண்ணெய், சூடு, ஓசோன். எஞ்சின் ஆயிலோ டீசலோ சொட்டினால் ஊதிப் பிசுபிசுத்துப்போகும். எண்ணெய் படும் இடத்துக்கு நைட்ரைல் ரப்பர், வெயிலும் காற்றும் படும் கதவு பீடிங்குக்கு ஈபிடிஎம் ரப்பர் என்று பிரித்துப் போடுவது இதனால்தான். காற்றிலிருக்கும் சிறிதளவு ஓசோன், இழுபட்ட நிலையிலிருக்கும் ரப்பரில் குறுக்காக வெடிப்பு விடும். ஆனால் பருமனான, அமுங்கியே இருக்கும் ரப்பரை அது எளிதில் தொடாது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர ரயில் பாலத்தில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைத்த இயற்கை ரப்பர் பட்டைகளை ஏறக்குறைய நூறாண்டு கழித்துச் சோதித்தபோது, மேல்தோலில் மில்லிமீட்டர் கணக்கில்தான் கெட்டிருந்தது. உள்ளே ரப்பர் ரப்பராகவே இருந்தது. நம் வண்டிகளின் மவுண்டுகள் சில ஆண்டுகளில் சாவதற்குக் காரணம், அவற்றின் மேல் ஒழுகும் எண்ணெயும் எஞ்சின் சூடும், இழுத்து உலுக்கும் வேலையும்.

கெட்டதை எப்படி அறிவது? ஒட்டின் ஓரத்தில் நகம் நுழையும் விரிசல், ஒரு பக்கம் தொய்ந்து எஃகோடு எஃகு தொடும் அளவுக்கு இறங்கிய ரப்பர், தொட்டால் விரலில் ஒட்டும் கருப்பு — இவை கண்ணுக்குத் தெரியும். கியர் மாற்றும்போது ‘டொக்’ என்ற சத்தமும், வண்டி நிற்கும்போது மட்டும் ஸ்டியரிங்கில் புதிதாக வரும் உதறலும் காதுக்கும் கைக்கும் தெரியும். ஒரு மவுண்ட் செத்தால் எடை மற்றவற்றின் மேல் விழுந்து அவையும் சீக்கிரம் போகும்; மாற்றும்போது எல்லாவற்றையும் பார்த்துவிடுவது நல்லது.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் சத்தம் மட்டுமல்ல. உட்கார்ந்திருக்கும் மனித உடலுக்கும் ஒரு சொந்தத் துடிப்பு உண்டு. மேலும் கீழுமான ஆட்டத்தில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிதான் நம்மை அதிகம் பாதிக்கிறது. டிராக்டர் இருக்கையிலும் பழைய லாரி இருக்கையிலும் நாள் முழுக்க உட்காருபவரின் முதுகு அதை அறியும். பவர் டில்லர் பிடிப்பவரின், பாறை துளைப்பவரின் விரல் மரத்துப்போவதும், நாளடைவில் வெளுத்துப்போவதும் கைப்பிடி வழியே வரும் அதிர்வால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இலேயே தொழிலாளியின் உடலுக்கும் கைக்கும் ஒரு நாளில் எவ்வளவு அதிர்வு போகலாம் என்று எண் போட்டு வரம்பு வைத்தது. இங்கோ, வண்டி ஓடுகிறது, இயந்திரம் ஓடுகிறது என்றால் ரப்பர் மாற்றும் செலவைத் தள்ளிப்போடுவது வழக்கமாக இருக்கிறது. தள்ளிப்போடுபவர் ஒருவர், அந்த அதிர்வைத் தாங்குபவர் வேறொருவர்.

செயலாளரிடம் கடைசியாக ஐந்து விஷயங்களை எழுதிக் கொடுத்தேன். ரப்பர் கால் வாங்கப் போகும் யாருக்கும் அவை பொருந்தும். இயந்திரத்தின் மொத்த எடை என்ன? அது எத்தனை காலில், எந்தக் காலில் எவ்வளவு இறங்குகிறது? நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடும்? அந்த எடைக்கு இந்தக் கால் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கும்? எண்ணெயும் வெயிலும் படுமா? நான்காவது கேள்விக்கு எண்ணாகப் பதில் சொல்லும் கடையில் வாங்குங்கள். வாங்கிப் பொருத்திய தேதியை, ஆயில் மாற்றும் தேதி எழுதும் அதே நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் அந்த ரப்பரை ஒருமுறை குனிந்து பாருங்கள்.